எதிரியின் கைப்பிடி

“எடு! எடும்மா அதை! யாரு அங்க வைக்கச் சொன்னது?”

நடுவர் கத்திய கத்தலில், பிஸ்கட் தட்டோடு உள்ளே வந்த பணியாள் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பிடித்திருந்த ஆறடிக் கோல் மேஜை மேல் நீட்டியபடியே இருந்தது.

மேஜையை நிறைத்து விரித்திருந்த வரைபடத்தில், ‘நீலப்படைத் தலைமையகம்’ என்று கொடி குத்தியிருந்த இடத்தில், அவள் தள்ளிவிட்ட சிவப்புக் கட்டை உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் இன்னும் மூன்று சிவப்புக் கட்டைகள். மணி பத்து நாற்பது. நிகழ்ச்சி நிரல்படி எதிரி தாக்க வேண்டியது பதினொன்றரைக்கு. அதுவும் முன்பக்கமாக. அதுவும் தேநீர் முடிந்த பிறகு.

“அப்பா, எல்லாரும் என்னையே முறைக்கிறாங்கப்பா.”

“முறைக்கட்டும். கட்டை விழுந்துச்சா, நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“அப்ப தலைமையகம் நம்ம கையில. நீ முதல்ல மூச்சு விடு, பாப்பா.”

அப்பாவின் இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. கண்புரை அறுவை முடிந்து மூன்று நாள் ஆகிறது. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அதில் பார்த்தால் எல்லாம் பனி மூடின மாதிரிதான் தெரியும். குனியக் கூடாது, தும்மக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டையும் அப்பா ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்.

அந்தப் பட்டாளப் பயிற்சி நிலையத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மேஜை மேல் ஒரு போர் நடக்கும். மரக்கட்டைகள்தான் படைகள். நீலம் நம்முடையது, சிவப்பு எதிரியுடையது. இரண்டு பக்கமும் மாறி மாறி நகர்த்த வேண்டும். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று நடுவர் சொல்வார். சாயங்காலம் ஜெயித்த திட்டத்தை அப்படியே நகல் எடுத்து எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தக் கட்டை வரைபடத்தில் எங்கே நின்றதோ, அந்தப் பட்டாளக் கம்பெனி அடுத்த மாதம் நிஜமாகவே அங்கே போய் நிற்க வேண்டும். நீலம் தோற்றால்தான் திட்டத்தைத் திருத்துவார்கள். நீலம் இதுவரை தோற்றதில்லை.

எதிரியாக நடிக்க எல்லோராலும் முடியாது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும், கையில் நன்னடத்தைச் சான்றிதழ் இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக ஒரு பழைய பண்டகசாலைக்காரர்தான் எதிரியாக இருந்தார். அருமையான எதிரி. சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால் சரணடைந்துவிடுவார். அவர் பிள்ளையோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதால், இந்த வருஷம் அப்பாவுக்குக் கடிதம் வந்தது: ‘தங்களை இவ்வாண்டின் எதிரியாக நியமிப்பதில் பெருமிதம் கொள்கிறோம்.’

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். “இது எனக்கு இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும். இதுக்கு ஒரு லெட்டரா?”

குனிந்து கட்டை நகர்த்த ஆள் வேண்டுமே என்று சின்னவள் கூட வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்தவள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். எதிரிக்கு மகள் இருக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. வாசல் குமாஸ்தா நல்ல மனுஷர். அரை மணி நேரம் பேரேட்டைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். எதிரிக்கு வழங்கும் தளவாடங்களில் ‘கோல், நீளமானது, ஒன்று’ என்று இருந்தது. அதன் கீழே ‘அதற்கான கைப்பிடி, ஒன்று’ என்று சேர்த்து, சின்னவளிடம் கையெழுத்து வாங்கி, உள்ளே அனுப்பினார்.

“கைப்பிடி பேசக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்,” என்றார் அன்போடு.

அதுவரைக்கும் அப்பா தோற்கத்தான் வந்திருந்தார். தோற்று, சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவருடைய போர்த்திட்டம். விளையாட்டு தொடங்குமுன் நீலக் கட்டைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று சின்னவளைப் படிக்கச் சொன்னார். எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதனால் கட்டைகளின் தலையில் நிஜக் கம்பெனிகளின் எண்களையே எழுதியிருந்தார்கள்.

“பன்னெண்டு, மேட்டுல. நாலு, ரோட்டுல. ஒம்பது, பாலத்துக்கிட்ட. பதினஞ்சு, காட்டுல. ஏழு…”

சின்னவள் நிறுத்திவிட்டாள். ஏழு, பெரியவனுடைய கம்பெனி. அண்ணன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

“ஏழு எங்க?”

“ஆத்து வளைவுலப்பா. பின்னாடி ஆறு.”

அப்பாவின் கை அவள் தோளில் இருந்தது. அது இறுகியது.

வீட்டில் அப்பா பட்டாளத்தைப் பற்றிப் பேசினால் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சண்டை பதினோரு நாள், மீதியெல்லாம் பள்ளம் வெட்டுவதும், அதை மூடுவதும், மூடினதற்குக் கணக்குக் காட்டுவதும் என்பார். விருந்தாளி வந்தால் ஷூ பாலிஷ் கதையை எடுத்துவிடுவார். அந்தப் பதினோரு நாளைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது ஒரு கூடம் நிறைய அதிகாரிகளுக்கு நடுவில், அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அதே வளைவுல முப்பத்தியொரு பேர் நின்னோம். பின்னாடி ஆறு இருக்கு, பின்பக்கம் பயமில்லன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. கோடையில அந்த ஆத்துல முழங்கால் நனையாது, பாப்பா. பின்னாடியேதான் வந்தாங்க. பதினாலு பேர் திரும்பினோம்.”

பிறகு, “கோலை நல்லாப் பிடி. நாம ஜெயிக்கிறோம்,” என்றார்.

ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் நகர்த்தலாம் என்பது விதி. எந்தப் பக்கமாக என்று விதியில் இல்லை. பதினோரு வருஷமாக எதிரி நேராகவே வந்து நேராகவே செத்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சின்னவள் பக்கவாட்டில் நகர்த்தினாள். கூடமே பிஸ்கட் தட்டு வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாம் கம்பெனிக்குப் பின்னால் ஆற்றைத் தாண்டி, அங்கிருந்து திறந்து கிடந்த வழியில் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் நடுவர் கத்தினார்.

இப்போது வரைபடப் பிரிவு அதிகாரியை அழைத்து வந்தார்கள். இடுப்பில் அளவுகோல் செருகியிருந்தார்.

“இது செல்லாது,” என்றார் அவர். “இந்த ஆறு கடக்க முடியாத ஆறு. போன வருஷமே சுற்றறிக்கை விட்டாச்சு.”

“சுற்றறிக்கை ஆத்துக்குப் போய்ச் சேந்துச்சா, சார்?” என்றார் அப்பா.

“அது எங்க வேலை இல்ல. தண்ணி ஓடுற ஆறு வேற துறை. வரைபடத்துல ஓடுற ஆத்துக்கு மட்டும்தான் நாங்க பொறுப்பு.”

“நான் அதுல இறங்கித் துணி துவைச்சிருக்கேன், சார்.”

“எந்த அதிகாரத்துல துவைச்சீங்க?”

அப்பா யோசித்தார். “அழுக்கா இருந்துச்சு, சார். அந்த அதிகாரத்துலதான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். நடுவர் மேஜையைத் தட்டினார். தீர்ப்பு இதுதான்: நடந்தது எதுவும் நடக்கவில்லை. பணியாள் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பத்து மணிக்குத் திருப்பினார். விழுந்த நீலக் கட்டைகளைத் துடைத்து மறுபடி நிறுத்தினார்கள்.

“செத்தவங்க எப்படி சார் எழுந்திரிச்சாங்க?” என்று அப்பா கேட்டார்.

“செத்தவங்கன்னு சொல்லாதீங்க பெரியவரே, அபசகுனமா. தற்காலிகமா இருப்புல இல்லாதவங்க.”

“என் கூட நின்ன பதினேழு பேரு ரொம்ப வருஷமாத் தற்காலிகமாவே இருக்காங்க, சார்.”

நடுவர் அதைக் குறிப்பில் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புது விதி எழுதினார். எதிரி முன்பக்கம் தவிர வேறு எந்தப் பக்கமாக வருவதாக இருந்தாலும், எழுத்து மூலமாக, மூன்று நகல்களில், முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். அப்பாவும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் சின்னவளுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் அம்மாவோடு சண்டை போடும்போது அப்பா இப்படித் தலையாட்டினால், அன்றைக்கு ராத்திரி யாரும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்.

“எழுது, பாப்பா.”

அவள் எழுதினாள். ‘மேன்மை தங்கிய நீலப்படைத் தலைமை அவர்களுக்கு. நாங்கள் இன்று பதினொன்று பத்துக்கு, ஆற்றைத் தாண்டி, ஏழாம் கம்பெனியின் முதுகுப்பக்கமாக வந்து சுற்றி வளைக்கவிருக்கிறோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, எதிரி.’

மூன்று நகலும் வரவுத் தட்டில் விழுந்தன. நீலப்படையின் தளபதி அந்தத் தட்டிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆனால் கடிதத்துக்கு வரவு எண் போட வேண்டும். எண் போட முத்திரை வேண்டும். முத்திரைக்கு மை வேண்டும். மை தீர்ந்துபோய், பதிவெழுத்தர் அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தார்.

பதினொன்று பத்துக்கு எதிரி வந்தான்.

பிடிபட்ட கட்டையை, பிடித்தவரே படுக்கவைக்க வேண்டும் என்பதும் விதி. சின்னவள் கோலை நீட்டினாள். ஏழு என்று எழுதியிருந்த அந்த நீலத் தலையை இடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. போன வாரம்தான் போனில், ‘என் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுத் திரியாதே, குரங்கே’ என்று அண்ணன் திட்டியிருந்தான். அப்பாவைப் பார்த்தாள். “சாச்சிடு, பாப்பா. இப்ப மேஜையில சாஞ்சாத்தான் அங்க சாய மாட்டான்,” என்றார். கட்டை டொக்கென்று சாய்ந்தது. அவ்வளவு சின்ன சத்தம்தான்.

நடுவரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் முப்பது வருஷ அனுபவசாலி.

“அறிவிப்பு வந்திருக்கு. ஆனா பதிவாகல. பதிவாகாத தாக்குதல் நடக்காத தாக்குதல்.”

“தளபதி சாருக்கு விஷயம் தெரியும், சார். பக்கத்துலதான் உக்காந்திருக்கார்,” என்றார் அப்பா.

“தெரியும்தான்,” என்று நீலத் தளபதி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். “உங்க கைப்பிடி எழுதும்போதே எட்டிப் பாத்துட்டேன். ஆனா அதிகாரபூர்வமாத் தெரியாதுல்ல? தெரியாத விஷயத்துக்கு நான் எப்படிக் கட்டையை நகர்த்துறது? நாளைக்குத் தணிக்கை வந்தா என்ன பதில் சொல்றது?”

பணியாள் மறுபடியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடிகாரத்தை நோக்கிப் போனார்.

இப்படியே போயிருந்தால் அன்றைக்குப் பத்து மணியைத் தாண்டியிருக்காது. நல்ல வேளையாக, கடிகாரத்தைப் பொருட்படுத்தாத ஒருவர் வந்து சேர்ந்தார். கூடமே எழுந்து நின்றது. பெரிய தளபதி. அவர் மார்பில் இருந்த பதக்கங்கள் அவர் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடின. பின்னால் ஒருவர் வெற்றிக் கோப்பையோடு வந்தார்; அதில் இன்றைய தேதியும் ‘நீலப்படைக்கு மாபெரும் வெற்றி’ என்ற வாசகமும் ஏற்கெனவே செதுக்கியிருந்தன.

நடுவர் ஓடிப்போய்க் காதில் ஏதோ சொன்னார்.

“தோத்துட்டோமா? ரெண்டு தடவையா?” பெரிய தளபதி கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். “இதுல வெற்றின்னு போட்டிருக்கே.”

“அதைத்தான் சார் சொல்ல வந்தேன். ஜெயிச்சிட்டோம்.”

பெரிய தளபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதிவந்த உரையைப் பிரித்தார்.

“தோழர்களே! என்னோட முப்பத்துநாலு வருஷ சேவையில, இந்த மேஜையில ஒரு தடவைகூட நான் தோத்ததில்ல. காரணம், ஒழுங்கு. எதிரி எத்தனை மணிக்கு வரணும், எந்தப் பக்கம் வரணும், எத்தனை மணிக்குத் தோக்கணும்னு நாம முன்கூட்டியே முடிவு பண்ணிடுறோம். நிஜப் போர்ல மட்டும் ஏன் சேதம் ஆகுது? எதிரிக்கு நம்ம நிகழ்ச்சி நிரல் போய்ச் சேர்றதில்ல. இந்தக் குறையை இந்த வருஷத்துக்குள்ள தீர்க்கக் குழு அமைச்சிருக்கோம். சிலர் கேக்குறாங்க, நேர்ல போய் அந்த இடத்தைப் பாத்தீங்களான்னு. நான் ஏன் பாக்கணும்? பாத்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா மன உறுதி குறையும். மன உறுதி குறைஞ்சா…”

தாளைத் திருப்பினார். அடுத்த பக்கம் ‘நிகழ்ச்சிக்கு வந்திருந்த அனைவருக்கும் நன்றி’ என்று தொடங்கியது. அதையும் அதே வீரத்தோடு படித்து முடித்தார். கைத்தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

கடைசியாக ஒரு சடங்கு பாக்கி. முடிவுப் படிவத்தின் அடியில், ‘தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்: எதிரி’ என்று ஒரு கோடு இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால்தான் கோப்பு மூடும். மூடினால்தான் கோப்பையை வழங்கலாம். நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். “போட மாட்டேன், சார்.”

கூடம் அப்படியே நின்றது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். எதிரியைக் கொல்லலாம், பிடிக்கலாம், விரட்டலாம். எதிரி கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று மட்டும் எங்கேயும் இல்லை. கடைசியில் பெரிய தளபதியே நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார்.

“என்னங்க பெரியவரே? நம்ம பட்டாளத்துச் சோறு தின்னவர் நீங்க. எதிரி மாதிரி நடந்துக்கலாமா?”

“எதிரியாத்தான் சார் கூப்பிட்டீங்க.”

“சரி, என்ன வேணும்? சொல்லுங்க.”

“ஏழாம் நம்பர் கட்டையை அந்த வளைவுல இருந்து எடுங்க சார். மேட்டுல வைங்க.”

“இவ்வளவுதானா!” பெரிய தளபதிக்கு முகமெல்லாம் பல். பிறகு கண்ணைச் சுருக்கினார். “ஏன் ஏழு? பையன் இருக்கானா அதுல?”

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

“அட, இதை வாசல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! காலையில இருந்து ஆத்தைத் தாண்டிக்கிட்டு, துணி துவைச்சுக்கிட்டு! நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான்யா. என் பையனை நான் தளவாடத் துறையை விட்டு வெளிய அனுப்பினதே இல்ல.”

அவரே கையை நீட்டி ஏழாம் கட்டையைத் தூக்கி, மேட்டின் மேல் பன்னிரண்டின் பக்கத்தில் வைத்தார். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் மேட்டில் இருக்கிறான். சுற்றிலும் பார்வை தெரியும் மேடு. கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார்.

வரைபட அதிகாரி கனைத்தார்.

“சார், படிவத்துல ‘ஆற்று வளைவு, நிற்கும் கம்பெனி’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா கோப்பு திரும்பி வந்துடும். திரும்பி வந்தா பழைய ஏற்பாடுதான் நிக்கும்.”

“அங்க யாரும் வேண்டாம், சார்,” என்று அப்பா அவசரமாகச் சொன்னார். “காலையில இருந்து அதைத்தானே நான்…”

“யாரும் வேண்டாம்னா அங்க ஏங்க ஒரு கட்டம் இருக்கு?” பெரிய தளபதி கடிகாரத்தைப் பார்த்தார். அது பத்தரை காட்டியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உங்க பையனைத்தான் தூக்கியாச்சே. மத்ததைப் பத்தி உங்களுக்கென்ன? ஏய் கைப்பிடி, நீயே ஒண்ணைத் தள்ளி வைம்மா. எதுவா இருந்தாலும் சரி. சாப்பாடு ஆறிப்போகுது.”

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். காலையிலிருந்து எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனுஷர், இப்போது பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

அவர் பேனாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்பா, என்ன பண்ணட்டும்?”

பன்னிரண்டு. நாலு. ஒன்பது. பதினைந்து. அவளுக்கு அந்த எண்களில் ஒருவரையும் தெரியாது. அவர்களும் போனில் யாரையாவது குரங்கே என்று திட்டியிருப்பார்கள். ஏழும் அங்கேதான் இருந்தது, மேட்டின் மேல், கோலுக்கு எட்டுகிற தூரத்தில். இருபது ஜோடிக் கண்கள் அவள் கையையே பார்த்தன. யாருக்கோ வயிறு கடமுடாவென்றது. கோல் தானாக நகர்ந்த மாதிரித்தான் இருந்தது. பாலத்தின் பக்கத்தில் இருந்த ஒரு கட்டை, அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்ததால், முதலில் இடிபட்டது. அது வழுக்கிக்கொண்டே போய் ஆற்று வளைவில் நின்றது.

“சபாஷ்!” என்றார் நடுவர். எல்லாரும் கைத்தட்டினார்கள். கடிக்காமல் மிச்சமிருந்த ஒரு பிஸ்கட்டைப் பணியாள் அவளிடம் நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியப் புத்தகத்தில் போடுவதைவிட அது கொஞ்சம் கோணலாக வந்தது.

சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்கள். வாசலில் குமாஸ்தா கோலை வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பிடி சேதமின்றித் திரும்பியதாகப் பேரேட்டில் எழுதினார். தெருமுனை வரைக்கும் அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாலையைக் கடக்க நின்றபோது கேட்டார்.

“எனக்குக் கண்ணு தெரியல. எந்தக் கட்டையை வச்ச?”

“ஒம்பது.”

ஒரு வண்டி போனது. இன்னொரு வண்டி போனது. சாலை காலியான பிறகும் அப்பா அடி எடுத்து வைக்கவில்லை.

“ஏன் ஒம்பது, பாப்பா?”